எதிரியின் சைக்கிளில் ஒரு கறுப்புப் போத்தல்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், இந்தத் தொழிலுக்குத் தேவையான நல்ல குணங்களைப் பற்றி இருந்தால் உபயோகமாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். பொறுமை எனக்கு இருந்ததில்லை. சுத்தம், மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்கும்போது மட்டும் இருந்தது. பணி ஓய்வு பெறும் வரை என்னிடம் குறையாமல் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று, பொறாமை. தெரிந்ததைப் பற்றித்தான் எழுத முடியும்.

நீங்கள் இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, மரபணுவில் எந்த இடத்தில் கோளாறு என்று தேடுகிறீர்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதே வயிறு எரிகிறது. ஜப்பான்காரன் காலத்தில் மலாக்கா ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் எங்களுக்கு இருந்தவை சில கண்ணாடிக் குழாய்கள், ஒரு கரி அடுப்பு, இரண்டு கண், ஒரு மூக்கு. வெள்ளைக்கார டாக்டர்கள் சிறையில் இருந்தார்கள். ஜப்பான் டாக்டர் எப்போதாவது வந்து நாற்காலிகளை எண்ணிவிட்டுப் போவார். மற்றபடி எல்லாவற்றுக்கும் எங்கள் டாக்டர் ஒருவர்தான். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் டாக்டர் என்றே சொல்கிறேன். அவருக்குக் கீழே சோதனை அறையில் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் அருணாசலம்.

அருணாசலம் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேச ஆரம்பித்துவிட்ட தமிழ் வம்சம். பெயரைக் கேட்டால் தஞ்சாவூர், வாயைத் திறந்தால் மலாய். அவனுக்குத் தெரிந்த தமிழ், கோயிலில் விபூதி வாங்குவதற்கும் பொங்கல் கேட்பதற்கும் போதுமான அளவு. நானோ தமிழ்ப் பள்ளியில் செய்யுள் ஒப்பித்துப் பரிசாகக் கண்ணாடித் தம்ளர் வாங்கியவன். அப்படியும் வார்டில் இருந்த தமிழ்ப் பெண்கள் அவனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். சமையல்காரர் மீனில் நடுத்துண்டை அவனுக்கு வைப்பார், எனக்கு வால். ஜப்பான்காரன் முன்னால் அவன் குனிந்தால் ஓவியம் மாதிரி இருக்கும். நான் குனிந்தால், கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறேன் என்று நினைத்து அறைவார்கள். வேலை முடிந்தாவது இவன் முகத்தை மறக்கலாம் என்றால், காஜா பெராங்கில் நான் வாடகைக்கு இருந்த அறை அவன் வீட்டுக்கு நேர் பின்னால். அவன் அம்மா மரவள்ளிக் கிழங்கைத் துருவி, தேங்காய்ப் பாலும் குலா மலாக்காவும் போட்டு வேகவைக்கும் வாசனை என் ஜன்னல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். அந்தப் பனைவெல்ல வாசனையில் நான் என் வெறும் கிழங்கைத் தின்பேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் பேசியதெல்லாம் மலாய். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் அவன் என்னைவிட நல்ல தமிழ் பேசுவான். அதிலும் எனக்குத்தான் நஷ்டம்.

செங் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து முனியம்மா என்கிற பெண், காலில் சிரங்கு வைத்த தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை பெயர் பவளம். பால் பல் விழ ஆரம்பித்த வயது. வார்டில் சேர்ப்பவர்கள் எல்லோருடைய மூத்திரத்தையும் பார்ப்பது வழக்கம். அன்று என் முறை. நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். அடியில் செங்கல் நிறத்தில் படிந்தது. சர்க்கரை.

குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்றால் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. இன்சுலின் ஊரிலேயே இல்லை. இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சோறு கூடாது, கிழங்கு கூடாது. அவித்த கீரை, ஒரு துண்டு மீன், தண்ணீர். அப்படிச் செய்தால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். தள்ளித்தான் போடலாம்.

நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. என் முகம் மலர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். யாரும் சந்தேகப்படாத ஒன்றைக் கண்டுபிடித்தவன் இல்லையா. அன்று சமையல்காரர் எனக்கும் நடுத்துண்டு வைத்தார்.

நடுத்துண்டின் ருசி நாக்கிலிருந்து போவதற்குள் அருணாசலம் என் பக்கத்தில் வந்து நின்றான். கையில் நான் காய்ச்சிய அதே குழாய்.

“அடியில் சிவப்பு சரி. மேலே இருக்கிற தண்ணீர் ஏன் கறுப்பு?”

“சோடா மட்டம். சீனன் கடையில் வாங்கினது. மருந்து அழுக்கு” என்றேன்.

“அதே மருந்தில் காலையில் ஒரு கிழவனுடையதைக் காய்ச்சினாயே, அது கறுக்கவில்லையே?”

“கிழவன் வேறு, குழந்தை வேறு.”

அவன் வாதாடவில்லை. வாதாடியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். என்னைக் கையைப் பிடித்து வார்டுக்குக் கூட்டிப்போய், பவளத்தின் கட்டிலுக்கு அடியில் இருந்த சட்டியைக் காட்டினான். காலையில் பிடித்தது. மேல்பரப்பு தேயிலைச் சாயம் மாதிரி கறுத்திருந்தது. கீழே மஞ்சள். கறுப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“சர்க்கரை கறுக்குமா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அவனிடம் சொல்வதைவிடச் சட்டியைக் குடித்துவிடலாம். “கறுக்கும், சில பேருக்கு” என்றேன்.

பவளம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வீட்டுல அக்கா மட்டும் கெழங்கு சாப்புடுது. எனக்கு ஏன் கீரையே குடுக்குறீங்க?” என்று கேட்டாள். அவள் கேட்டது அருணாசலத்திடம். அவனுக்குத்தான் புரியாதே என்று நான் பதில் சொல்லப் போனேன். கடைசியில் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டேன்.

அருணாசலம் என்னைத் திரும்பிப் பார்த்து, “அந்த அம்மாவிடம் கேள். புருஷன் அவளுக்கு ஏற்கெனவே சொந்தமா?” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துப் பெண்ணிடம் போய், கட்டினவன் சொந்தமா என்று கேட்பது, சோற்றுக்கு அரிசி போட்டாயா என்று கேட்பது மாதிரி. எங்களுக்கு அது கேள்வியே இல்லை. அவன் ஆட்கள் ஒரு தெருவுக்குள் அடங்குகிறவர்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் பெண் எடுப்பார்கள். அதனால் அவனுக்கு அது தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. இதையும் அன்று இரவு முழுக்க நினைத்து எரிந்தேன்.

ஆனாலும் கேட்டேன். வேறு வழியில்லை, அவனுடைய மொழிபெயர்ப்பாளன் நான்.

“என் தாய்மாமனத்தான் கட்டிக்கிட்டேன். இப்ப சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோயிட்டாங்க” என்றாள் முனியம்மா. “ஏன் தம்பி கேக்குறீங்க?”

“இவளுக்கு இருக்கிறது வேறு பிள்ளைகளுக்கு உண்டா என்று கேள்” என்றான் அவன். “துணி கறுக்குமா என்று கேள்.”

“பெரியவளுக்கா?” அவள் யோசித்தாள். “சின்னதுல துணியில கறை இருக்கும். சோப்புப் போட்டா இன்னும் கறுக்கும். வாழைக்கறைன்னு விட்டுட்டேன். அவளுக்கென்ன, ஆம்பள மாதிரி மண்வெட்டி புடிக்கிறா.”

நான் மொழிபெயர்த்தேன். அருணாசலத்தின் கண்கள் பளிச்சென்று ஆயின. அந்தப் பளிச்சைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. அவன் என்ன நினைக்கிறான் என்று புரிந்துவிட்டது. இது சர்க்கரையே இல்லை, ஏதோ வேறொன்று, பிறவியிலேயே குடும்பத்தில் வருவது, அக்காவுக்கும் இருக்கிறது, அவள் இத்தனை வருஷம் தின்று வளர்ந்திருக்கிறாள் என்றால் இந்தக் குழந்தையும் தின்னலாம். அழகான யோசனை. என்னுடையதாக இருந்திருந்தால் நான் தெருவில் ஆடியிருப்பேன். அவனுடையதாக இருந்ததால் அதை உடைப்பது என்று முடிவு செய்தேன்.

தம்பிகளே, என் பணிக்காலத்தில் நான் உழைத்து வேலை செய்த நாட்கள் அவை.

முதலில் சர்க்கரை. மூத்திரத்தில் உண்மையான சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் அதைத் தின்று காற்றை விடும். ஈஸ்ட்டுக்கு எங்கே போவது? கள்ளுக் கடைக்கு. பானை அடியில் இருந்த மண்டியைக் கேட்டபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “கள்ளு வாங்கவே காசில்லயா தம்பி?” என்று இலவசமாகவே கொடுத்துவிட்டார். கிழிந்த ரப்பர்க் கையுறைகளிலிருந்து விரல்களை வெட்டினேன். மூன்று சின்னப் போத்தல்கள். ஒன்றில் மண்டியும் குழந்தையின் மூத்திரமும். ஒன்றில் மண்டியும் குலா மலாக்கா கரைத்த நீரும். ஒன்றில் மண்டியும் வெறும் தண்ணீரும். வாயில் ஒவ்வொரு ரப்பர் விரலைக் கட்டினேன். காற்று வந்தால் விரல் எழும்பும்.

குலா மலாக்காவை யாரிடம் வாங்கினேன் என்று கேட்காதீர்கள். சரி, அருணாசலத்தின் அம்மாவிடம். அவர் ஒரு முழு வட்டைக் கொடுத்து, “ஒல்லியாக இருக்கிறாய், தின்னு” என்றார். அவர் மகனைக் கவிழ்க்கத்தான் வாங்கிப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது குலா மலாக்காப் போத்தலில் ரப்பர் விரல் நிமிர்ந்து நின்று என்னையே சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர் விரல் தொங்கியது. பவளத்தின் விரலும் தொங்கியது.

ஒத்துக்கொள்வேனா? இந்த மூத்திரத்தில் ஈஸ்ட்டைக் கொல்லும் விஷம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் காற்று வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பவளத்தின் மூத்திரத்தில் நானே கொஞ்சம் குலா மலாக்காவைக் கரைத்து இன்னொரு போத்தல் வைத்தேன். அந்த விரல் நிமிர்ந்தது. ஈஸ்ட் சாகவில்லை. சர்க்கரை கொடுத்தால் தின்கிறது. குழந்தையிடம் தின்பதற்கு ஒன்றும் இல்லை.

அருணாசலம் வந்து நான்கு போத்தல்களையும் பார்த்தான். “கடைசிப் போத்தல் எனக்குத் தோன்றியிருக்காது” என்றான். பாராட்டுகிறானா, குத்துகிறானா என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் ரப்பர் விரல்களைத் தட்டிப் பார்த்தார்.

“கள்ளு மண்டியையும் கிழிஞ்ச கையுறையையும் நம்பி நான் இந்தக் குழந்தைக்குக் கெழங்கு கொடுக்கணுமா? நீங்க சொல்றது தப்பா இருந்தா, ரெண்டு நாள்ல மயக்கம் வந்துடும். அப்புறம் எழுப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

“அக்காவுக்கு இருக்கிறதாமே டாக்டர்” என்று அருணாசலம் மலாயில் ஆரம்பித்தான்.

“அது வாழைக்கறை” என்றேன் நான்.

“இவன் வாழைக்கறைங்கிறான், நீ வேறங்கிறே. எனக்கு அபிப்பிராயம் வேண்டாம். போத்தல் வேணும்” என்றார் டாக்டர்.

நானே போகிறேன் என்று முந்திக்கொண்டேன். வாழைக்கறை என்று நிரூபித்துத் திரும்புவதுதான் திட்டம். தோட்டம் வரைக்கும் போக என்னிடம் சைக்கிள் இல்லை. ஊரில் எனக்குத் தெரிந்தவர்களில் சைக்கிள் வைத்திருந்தவன் ஒருவன்தான். அவனும் சந்தோஷமாகக் கொடுத்தான். டயருக்குப் பதில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயைச் சுற்றிய சைக்கிள். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பு வழியாக மூளைக்கு வந்து பேசும். அவனைப் பொய்யாக்க, அவன் சைக்கிளில், அவன் அம்மா கொடுத்த கிழங்குப் பலகாரத்தைத் தின்றுகொண்டே போனேன்.

அக்காவின் பெயர் அஞ்சலை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் பின்னால் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். கல்யாண வயது. தோளும் கையும் பார்த்தால் சர்க்கரை நோய் அவளைக் கண்டு ஓடிவிடும்.

“ஒங்க தங்கச்சி விஷயமா ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன்” என்றேன்.

மண்வெட்டி நின்றது. “செத்துடுச்சா?”

“இல்லம்மா, இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஒங்ககிட்ட ஒண்ணு வேணும்.”

“என்னா?”

இந்த இடத்தை எப்படிக் கடப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகை எல்லாம் காற்றில் போய்விட்டது. “மூத்திரம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்துகொண்டன.

“சைக்கிள்ல இவ்வளவு தூரம் வந்து, வயசுப் பொண்ணுகிட்ட மூத்திரம் கேக்குற. ஒனக்கு வீட்டுல அக்கா தங்கச்சி இல்லயா?”

“ஒங்க தங்கச்சிக்கு எங்க டாக்டர் சோறு கெழங்கு எதுவும் குடுக்கல. சக்கர வியாதின்னு பட்டினி போட்டிருக்காரு. ஒங்களுக்கும் அவளுக்கு இருக்குறதே இருக்குன்னா, நீங்க இப்படி நிக்கிறதே அவளுக்குச் சாட்சி. அவளுக்குச் சாப்பாடு குடுத்துருவாங்க.”

சொன்ன பிறகுதான் கவனித்தேன், நான் அருணாசலத்தின் கட்சியைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே போனாள். கிச்சாப் என்கிற சோயா சாறு இருந்த காலிப் போத்தல் ஒன்றை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் மறைந்தாள். திரும்பி வந்து, தக்கையை இறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். கூடவே நாலு கிழங்கு. “இத அவகிட்ட குடு. அக்கா குடுத்துச்சுன்னு சொல்லு.”

சைக்கிளில் கட்டிய போத்தலைக் கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் இலேசாகப் பழுப்பு. இன்னும் கொஞ்சம் போனதும் பழுப்பு தோளுக்கு இறங்கியிருந்தது. சாம்பல் தேய்த்த போத்தல், அதனால் வேகம். சோப்புப் போட்டால் துணி கறுப்பதற்கும் அதுதான் காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. வாழைக்கறை கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது. மலாக்கா நகர எல்லைக்கு வருவதற்குள் போத்தல் முழுவதும் கறுப்பு. பார்ப்பவர் யாரும் கிச்சாப் என்றுதான் சொல்வார்கள்.

சொன்னான். சாலையை மறித்து நின்ற ஜப்பான் சிப்பாய்.

“குர்ரா.” கையைக் காட்டி நிறுத்தினான். நான் இறங்கிக் குனிந்தேன். வழக்கம்போலச் சில்லறை தேடினேன். அவன் போத்தலை உருவினான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். “கிச்சாப்?” முகத்தில் சந்தோஷம். சோயா சாற்றுக்கு ஊரே ஏங்கிய காலம் அது.

ஆமாம் என்று ஒரு தலையாட்டு. அவ்வளவுதான் தேவை. போத்தல் அவனுக்கு, எனக்கு வழி. ஆஸ்பத்திரிக்குப் போய், சிப்பாய் பிடுங்கிக்கொண்டான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். அருணாசலத்தின் வெற்றி ஒரு ஜப்பான்காரனின் சாப்பாட்டுத் தட்டில் போய்ச் சேரும். நான் பொய்கூடச் சொன்னதாக ஆகாது.

அந்த இடத்தில் பவளத்தின் முகம் என் கண்முன் வந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது அருணாசலத்தின் முகம். நான் வெறுங்கையோடு போனால், மறுநாள் அவன் போவான். இதே வழியில் வருவான். இதே சிப்பாய் முன்னால் ஓவியம் மாதிரி குனிவான். அறை வாங்காமல் போத்தலோடு போய்ச் சேருவான். வார்டு முழுக்க அவனைப் பார்த்துச் சிரிக்கும். அதை நினைத்தபோது என் வயிற்றில் எழுந்த தீயில் ஒரு பானைச் சோறு வெந்திருக்கும்.

சிப்பாய் தக்கையைப் பிடுங்கி, ருசி பார்க்க விரலை விடப் போனான்.

“கென்சிங், மாஸ்டர்” என்றேன். மூத்திரம் என்பதற்கு அவனுக்கு மலாய் தெரிந்திருந்தது. திமிராகப் பேசுகிறேன் என்று முதல் அறை. பிறகு சந்தேகம் வந்து முகர்ந்து பார்த்தான். அதற்கு இரண்டாவது அறை. உண்மைக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று. ஆஸ்பத்திரிச் சின்னம் போட்ட கைப்பட்டியைக் காட்டி, “பியோக்கி, பியோக்கி” என்று, நோய் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே ஜப்பான் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் போத்தலைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தபடி என்னிடம் திணித்து, போ என்று உதைத்தான். கையைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தான், நான் திரும்பிப் பார்த்தபோது.

நான் வாங்கிய அறைகள் பல உண்டு. எதிராளி ஜெயிப்பதற்காக வாங்கியவை இந்த இரண்டு மட்டும்தான்.

வீங்கிய கன்னத்தோடு போய்ப் போத்தலை டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தான் படிக்கிற காலத்தில் ஒரு வாத்தியார் இப்படி ஒன்றைச் சொன்னது ஞாபகம் வருகிறது என்றார். சாப்பாட்டில் இருக்கிற ஏதோ ஒன்றை முழுக்க எரிக்க இந்த உடம்புகளுக்குத் தெரியாது. எரியாமல் மிஞ்சுவது மூத்திரத்தில் இறங்கி, காற்றுப் பட்டால் கறுக்கும். நீல மருந்தில் சர்க்கரை மாதிரியே நடிக்கும். நெருங்கிய சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளிடம் அதிகம் வரும். சின்ன வயதில் ஒரு கெடுதலும் செய்யாது. “பரீட்சையில வராதுன்னு அந்தப் பக்கத்தத் தாண்டிட்டேன்” என்றார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“எவ்வளவு நிச்சயம்?” என்று அருணாசலத்தைக் கேட்டார்.

“நிச்சயம்தான் டாக்டர். இவன் என்னைப் பொய்யாக்க இத்தனை நாளாகப் பாடுபட்டிருக்கிறான். இவனாலேயே முடியவில்லை.”

அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கள்ளு மண்டி, ரப்பர் விரல், நான் முந்திக்கொண்டு சைக்கிள் கேட்டது, எல்லாம். தெரிந்துதான் கொடுத்திருக்கிறான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நாளைக்கு அந்தக் குழந்தை மயங்கி விழுந்தா யார் பொறுப்பு?”

“நான்” என்றான் அருணாசலம்.

“நான்தான்” என்றேன் நான். பழியில்கூட அவன் முந்திக்கொள்வதா?

“ரெண்டு பேரும் இல்ல. நான்” என்றார் டாக்டர். “கெழங்கு குடுங்க. பக்கத்துலயே உக்காந்திருங்க. மூச்சு வேகமானாலும், தூக்கம் அதிகமானாலும் எனக்குச் சொல்லணும்.”

இதில் உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். உங்களுக்கு ஒன்று தோன்றினால், அதைச் சரிபார்க்க நண்பனிடம் கொடுக்காதீர்கள். அவன் தோளில் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். உங்களைக் கண்டால் எரிகிறவன் ஒருவன் எல்லா ஆய்வகத்திலும் இருப்பான். அவனிடம் கொடுங்கள். உங்களால் நினைத்துப் பார்க்க முடியாத போத்தல்களை எல்லாம் அவன் வைத்துப் பார்ப்பான். நீங்களே அந்த எரிகிறவன் என்றால், வெட்கப்படாமல் எரியுங்கள். ஆனால் போத்தலில் என்ன நிறம் தெரிகிறதோ அதைச் சொல்லுங்கள். பொறாமை எவ்வளவு இருந்தாலும் கறுப்பை மஞ்சள் என்று சொல்லும் அளவுக்குப் போகக் கூடாது.

பவளம் பல வருஷங்கள் கழித்து, பேரன் பேத்தி எடுத்த வயதில், முதுகு வலி என்று என் சோதனை அறைக்கு வந்தாள். காது மடல் நீலம் பாய்ந்திருந்தது. எரியாமல் மிஞ்சியது இத்தனை காலத்தில் எலும்பு மூட்டில் படிந்த அடையாளம். அக்காவுக்கும் முழங்கால் வலி என்றாள். நான் யாரென்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, “அந்தச் செட்டி சார் எங்க இருக்காரு?” என்று கேட்டாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

அன்றைக்குத் திரும்புகிறேன். அஞ்சலை கொடுத்த கிழங்கை அவித்தோம். சோதனைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த குலா மலாக்காவைச் சீவி மேலே போட்டான் அருணாசலம். அக்கா கொடுத்தது என்றேன். பவளம் ஒரு துண்டைக் கையில் எடுத்து, யாராவது பிடுங்குவார்களா என்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தின்றாள். விரல் இடுக்கில் ஒழுகிய வெல்லத்தை நக்கினாள். முனியம்மா தட்டைப் பார்க்கவில்லை, மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூச்சு வேகமாகிறதா என்று. நாங்களும் அதையேதான் பார்த்தோம். ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நானும் அவனும், ஒரே மூச்சை எண்ணிக்கொண்டு.

மயக்கம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள், கட்டிலிலிருந்து இறங்கி, சமையல்கட்டு வாசலில் போய் நின்று கிழங்கு கேட்டாள். சமையல்காரர் விரட்டினார், அவள் நகரவில்லை.

முனியம்மா அருணாசலத்தின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகையில் பேச்சு குழறியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீங்கதானே இவரு பேசுறத எடுத்துச் சொல்றவரு? இவருகிட்ட சொல்லுங்க. என் புள்ளைய எமன்கிட்டேருந்து புடுங்கிக் குடுத்தது இவருதான். ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். ஏழு ஜென்மத்தையும் விடாமல், ஒரு சொல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். அவன் காது வரைக்கும் சிவந்துபோய், என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தான்.

“இப்படிச் சொல்லு அந்த அம்மாவிடம்” என்றான். “எனக்குத் தோன்றியது மட்டும்தான். தோன்றியதை நிஜமாக்கியது இவன். போத்தலைக் கொண்டுவந்தவன் இவன், அறை வாங்கியவன் இவன். நன்றியை இவனிடம் சொல்லச் சொல்லு.”

முனியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பெருந்தன்மையிலும் அவனே ஜெயிப்பதை நானே என் வாயால் அறிவிக்க வேண்டும்.

“என்ன சொல்றாரு தம்பி?” என்றாள்.

“பரவாயில்லைங்கிறாரும்மா” என்றேன்.

என் பணிக்காலத்தில் நான் திரித்துச் சொன்ன ஒரே முடிவு அதுதான்.